சந்தேகமெண்டா தரைக்கே

மாத்தளையில கடல் இல்ல. இதச் சொல்ல ஒரு ஆளு வேணுமான்னு நீங்க கேக்கலாம். ஆனா நாங்க ஒரு கூட்டம் பொம்பளைங்க, டவுன்ல மெளகும் கராம்பும் வாங்கி விக்கிற கடையோட மேல்மாடியில ஒக்காந்து, காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் கடலையே பார்த்துக்கிட்டு இருந்தோம். வெயில் ஏறினா கீழ கெடக்கிற மூட்டைங்களோட வாசம் பலகை இடுக்கு வழியா மேல வரும். அதனால யாராவது கடல்னு சொன்னா எனக்கு இன்னைக்கும் மூக்குல கராம்பு தான் ஏறுது. உப்புக் காத்து, மீன் நாத்தம் எல்லாம் நான் பொறகு தெரிஞ்சுக்கிட்ட சங்கதி.

எங்கயோ வெளிநாட்டுல ஒரு கம்பெனி. செட்டலைட் எடுத்த படங்கள எங்க கம்ப்யூட்டருக்கு அனுப்புவாங்க. சாம்பல் நெறத்துல, மூடுபனிய யாரோ அள்ளிக் காகிதத்துல ஒட்டின மாதிரி இருக்கும். அதுல எது தர, எது கடல்னு நாங்க பிரிச்சுக் குடுக்கணும். தரைக்குப் பச்சை, கடலுக்கு நீலம். நாங்க பூசுறதப் பார்த்துப் பார்த்து ஒரு மெஷின் தானாப் பழகிக்குமாம். அட, கடலையே பார்க்காத எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்துப் பொண்ணுகிட்ட கடல் பழகுற மெஷின் எப்படி உருப்படும்னு நான் கேட்டேன். ஆபீஸ நடத்துற எங்க சேர் சிரிச்சிட்டு என்னையே செக்கரா போட்டுட்டார். மத்தவங்க பூசினத சரி பார்க்கிறது என் வேல.

அந்த மாடியில ஜன்னல் ஓரத்துக் கதிரை ராத்தாவோடது. ராத்தான்னா அவங்க முஸ்லிம் ஆளுங்க பேச்சுல அக்கா; இருக்குங்கிறதயும் ஈக்குன்னு தான் சொல்லுவாங்க. பல்லேபொல பக்கம் வீடு. எங்க எல்லாரையும் விட வயசுல மூத்தவங்க, வேலைக்குச் சேர்ந்ததுல இளையவங்க. மொத நாள் நான் மரியாதையா "மிஸ்"ன்னு கூப்பிட்டேன். முக்காட்ட சரி பண்ணிக்கிட்டே என்ன ஒரு பார்வ பார்த்தாங்க.

"மிஸ் எண்டு என்னத்துக்கு புள்ள? ராத்தா எண்டு கூப்பிடு. அப்பிடிக் கூப்பிட ஒருத்தன் ஈந்தான். இப்ப காது ரெண்டும் சும்மா கெடக்கு."

அந்த ஒருத்தன் அவங்க தம்பி. உம்மாவும் வாப்பாவும் போன பொறகு ராத்தா தான் அவனத் தூக்கி வளத்தாங்க. சீகிரியாவுல ஒரு ஹோட்டல்ல வேல பார்த்தான். வெள்ளைக்காரங்க வரத்து நின்னு ஹோட்டலுக்குப் பூட்டு விழுந்ததும் கொஞ்ச காலம் த்ரீவீல் ஓட்டினான். பெற்றோல் கியூவுல நின்னு நின்னு அதுவும் வெறுத்துப் போச்சு. கூட்டாளி ஒருத்தனோட கல்யாணத்துக்குன்னு கெழக்குப் பக்கம் போனவன், அங்க இருந்து ஒரு மீன் ட்ரோலர்ல ஏறிட்டான். எந்த நாட்டுக்குப் போறோம்னு ஏறினவங்களுக்கே சரியாத் தெரியாதாம். ஏறுறதுக்கு முன்னாடி ராத்தாவுக்கு போன் எடுத்து, "போய்ச் சேர்ந்ததும் ரிங் கட் குடுக்கிறேன் ராத்தா"ன்னு ஒரு சொல்லு. அவ்வளவு தான். ரிங் கட்னா தெரியும் தானே? ஒரு தரம் அடிக்க விட்டு வெட்டிர்றது. காசு போகாது, சேதி போயிரும். அந்த ரிங் கட் வரல. நான் அவங்களப் பார்த்த நாள்ல இருந்து ராத்தா அதுக்குத் தான் காத்துக்கிட்டு இருந்தாங்க.

வேல சொல்லிக் குடுத்த அன்னைக்கு நடந்தது எனக்கு அச்சு மாதிரி ஞாபகம் இருக்கு. எங்க சேர் ஒரு சிங்கள இளந்தாரி, தத்தித் தத்தித் தமிழ் பேசுவார், முடியாத எடத்துல சிங்களத்துக்குத் தாவிருவார். இது கெமரா இல்ல, ரேடார்னாரு. கெமராவுக்கு வெளிச்சம் வேணும், இதுக்கு வேணாம், மேகத்தையும் ஊடுருவிக்கிட்டுப் பார்க்கும். மேல இருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு அலைய வீசும். கீழ பட்டுத் திரும்பி வந்தா படத்துல வெள்ளை, வராட்டி கறுப்பு. தர கரடுமுரடு, அதனால வந்தத் திருப்பி அனுப்பும். தண்ணி அசையாம கெடந்தா கண்ணாடி மாதிரி, வந்தத அந்தப் பக்கமாச் சறுக்கி விட்டுரும்.

நாங்க எல்லாரும் மண்டைய மண்டைய ஆட்டினோம். ஒரு மண்ணும் வெளங்கல. ராத்தா தான் வாயத் தொறந்தாங்க.

"அப்ப கூப்பிட்டா பதில் வாரது தர. பதில் வராதது கடல். இது தானே சேர்?"

சேருக்கு சந்தோசம் தாங்கல. ஆனா ரெண்டு எடத்துல ஏமாறக் கூடாதுன்னாரு. காத்தடிச்சா கடலும் பதில் சொல்லும். அலை எழும்பி வெள்ளையாத் தெரியும், தரன்னு நம்பிரக் கூடாது. அதே மாதிரி சில தர பதிலே சொல்லாது. ஈர மணல், தண்ணி நிக்கிற வயல், ப்ளேன் எறங்குற ரோடு எல்லாம் கறுப்பாத் தான் கெடக்கும். அதக் கடல்னு எழுதிரக் கூடாது.

"மத்தத இன்னொருக்கா செல்லுங்க சேர்"ன்னாங்க ராத்தா. "தரையா ஈந்தும் பதில் செல்லாத எடம் ஈக்கா?"

"இருக்கு, இருக்கு. நிறைய இருக்கு."

அன்னைக்குப் பூரா ராத்தா மொகத்துல ஒரு வெளிச்சம். பகல் சோத்துப் பார்சல்ல இருந்த மீன் துண்டு முழுக்க எங்களுக்கே பிச்சுக் குடுத்துட்டாங்க. எதுக்கு இந்தத் தாராளம்னு எனக்கு அப்ப புரியல. தம்பியோட போன் பேசாம கெடந்ததுக்கு சேர் வாயால ஒரு நியாயம் கெடைச்சிருச்சுன்னு பொறகு தான் புரிஞ்சுச்சு.

சுவத்துல ஒரு காகிதம் ஒட்டி இருந்துச்சு. சந்தேகம் வந்தா செக்கரக் கேளுங்கன்னு மூணு பாஷையிலயும். மத்தவங்க நிமிஷத்துக்கு ஒரு தரம் என் உயிர வாங்குவாங்க. ராத்தா கேக்கவே மாட்டாங்க. எடம் கொஞ்சம் மங்கலா இருந்தா போதும், வாய்க்குள்ள "சந்தேகமெண்டா தரைக்கே"ன்னு சொல்லிக்கிட்டு பச்சையப் பூசிருவாங்க. ஈர மணலா, தர. சேறா, தர. அலையா மணலான்னு தெரியாத வெளுப்பா, அதுவும் தர. அவங்க பூசி முடிச்ச இலங்கை கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கும். ராத்தாட படங்கள ஒண்ணாச் சேர்த்தா நாட்டுக்குப் புதுசா ஒரு மாவட்டமே கெடைக்கும்னு சேர் கிண்டல் பண்ணுவார். அந்த மாவட்டத்த வெட்டிக் கொறைக்கிறது செக்கர் தலையெழுத்து.

கம்ப்யூட்டருக்கு வெளியிலயும் ராத்தா அப்படித் தான். எங்களோட நிலூகான்னு ஒரு சிங்களப் பொண்ணு. அவ காதலிச்ச பொடியன் திடீர்னு போன் எடுக்கிறத நிறுத்திட்டான். அவன் ஏமாத்திட்டான்டின்னு நாங்க எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டோம். ராத்தா மட்டும், "சார்ஜ் எறங்கி ஈக்கும்"னாங்க. ஒரு வாரம் போச்சு. "போன் தண்ணில விழுந்து ஈக்கும்." கடைசியில அவன் தம்புள்ளையில வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான்னு படத்தோட சேதி வந்துச்சு. மால போட்டுக்கிட்டு பல்லு பூரா தெரிய நிக்கிறான். ராத்தா கண்ணாடியப் போட்டு அந்தப் படத்த உத்து உத்துப் பார்த்தாங்க.

"பாவம், கட்டாயப்படுத்தி ஈப்பாங்க."

அழுதுக்கிட்டு இருந்த நிலூகாவே சிரிச்சிட்டா.

பின்னேரம் ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா ஆளாளுக்கு ஒரு தெச. நான் எல்கடுவ பஸ், ராத்தா பல்லேபொல பஸ். ராத்தா பிரியிற எடத்துல நின்னு ஒவ்வொருத்தியாப் பேர் சொல்லி, "எறங்கினதும் ரிங் கட் குடு, எறங்கினதும் ரிங் கட் குடு"ன்னு அந்த ஹோர்ன் சத்தத்துக்கு மேல கத்துவாங்க. எல்லார்ட ரிங்கும் வந்து சேர்ற வரைக்கும் வீட்டுல சோத்துல கை வைக்க மாட்டாங்களாம். போன தட்டுக்குப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்கன்னு பக்கத்து வீட்டு ஆள் சொல்லிச்சு. நாங்க குடுக்கிற ரிங்க அவங்க எடுக்கவும் மாட்டாங்க, திருப்பிக் கூப்பிடவும் மாட்டாங்க. ரிங் கட்னா அவ்வளவு தான், சேர்ந்தாச்சு.

எனக்குக் கோவம் சுருக்குன்னு வரும். லயத்துல என்ன கொச்சிக்கா, பச்ச மொளகான்னு தான் கூப்பிடுவாங்க. ஒரு நாள் பேய் மழை. எல்கடுவ ரோட்டுல மரம் சாஞ்சு பஸ் நின்னுருச்சு. போன்ல சார்ஜும் இல்ல. நனைஞ்சுக்கிட்டு நடந்தே வந்து சேர்ந்தா, எங்க லயமே குடையும் கையுமா வாசல்ல நிக்குது. அம்மா நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுவுது. என்னடான்னா, ராத்தா சேரப் புடிச்சு, சேர் மூலமா எல்கடுவ கடைக்காரர் நம்பரப் புடிச்சு, கடைக்காரர் லயத்துக்கு ஆள் அனுப்பி, பொண்ணக் காணோம்னு ஊரையே கூட்டி வச்சிருக்காங்க!

அடுத்த நாள் மாடி ஏறினதும் புடிச்சிட்டேன். "நீங்க என்ன எனக்கு மாமியாரா? ஒரு ரிங் வரலன்னா செத்துப் போயிட்டேன்னு அர்த்தமா? ஊர் சிரிக்குது ராத்தா, மானம் போவுது!" வாய்க்கு வந்தபடி ஏசினேன். ராத்தா நான் முடிக்கிற வரைக்கும் ஜன்னலோரத்துல சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. பொறகு உள்ள மீன் வச்ச மாலுபாண் ஒண்ண எடுத்து என் கையில வச்சாங்க.

"தரைக்கு வந்துட்டாய் தானே. ஏசு புள்ள, நல்லா ஏசு. ஒன்ட சத்தம் கேக்கக் கேக்க எனக்கு மனசு நெறஞ்சு போவுது."

இப்படிப்பட்ட ஆளோட எப்படிங்க சண்ட போடுறது? பாணத் தின்னுட்டு போய் ஒக்காந்தேன்.

ஒரு தரம் எங்க நாடு மொத்தமும் ஒரே படமா வந்துச்சு. பெரிய படம், ரெண்டு பக்கக் கரையும் நடுவுல மலையுமா. எல்லாரும் ராத்தா கதிரையச் சுத்திக்கிட்டோம். பிஞ்ச பஞ்சு மாதிரி மலைங்க வெள்ளையா மடிஞ்சு கெடந்துச்சு. ஒவ்வொரு மலைக்கும் அந்தப் பக்கம் ஒரு கறுப்பு, ரேடார் அலை போய்ச் சேராத நெழலாம். எங்க எல்கடுவ லயம் அந்தக் கறுப்புக்குள்ள தான் எங்கயோ இருந்திருக்கணும். எங்க லயம் கடலுக்குள்ள போயிருச்சுன்னு நான் கத்தினேன். ராத்தா பல்லேபொலையத் தேடிப் புடிச்சு வெரல் வச்சாங்க. வெளிய மழ வரப் போற மாதிரி மப்பும் மந்தாரமுமா இருந்துச்சு. படத்துலயும் அதே நெறம். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு உள்ள இருக்கோமா வெளிய இருக்கோமான்னே தெரியல. ராத்தாவோட வெரல் மெதுவா நகர்ந்து காடு தாண்டி, குளம் தாண்டி, கெழக்குக் கரையில போய் நின்னுச்சு. அங்க இருந்து ஒரு இம்மி கூட அந்தப் பக்கம் போகல. கீழ கடையில தராசுத் தட்டு மோதுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

ஆபீஸ்ல இருந்து திருகோணமலைக்கு ஒரு ட்ரிப் போனோம். எனக்கு அது தான் மொதல் கடல். ராத்தா வந்தாங்க, ஆனா பஸ் படியில ஒக்காந்துக்கிட்டு எங்க தலைகளத் தான் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. தண்ணி பக்கம் திரும்பல. ஒரு அலை வந்து திரும்பினதும், மணல் பளபளன்னு வானத்த அப்படியே காட்டிக்கிட்டு கெடந்துச்சு. பார்த்ததும் எனக்குப் படம் ஞாபகம் வந்துருச்சு. "ராத்தா, ஓடி வாங்க! இது தான் படத்துல கறுப்பாக் கெடக்கிற தர!"ன்னு கத்தினேன். செருப்பக் கழட்டிட்டு வந்தாங்க. குனிஞ்சு உள்ளங்கைய வச்சு, தூங்குற புள்ளையத் தட்டுற மாதிரி அந்த ஈர மணலத் தட்டினாங்க. "பேசாட்டியும் தர தான்"னு சொல்லிட்டு, அடுத்த அலை வர்றதுக்குள்ள திரும்பிப் போயி பஸ்ல ஏறிட்டாங்க.

மங்கலான எடத்த வெட்டிக் கொறைச்சிரலாம், அது பெரிய வேல இல்ல. ராத்தாவோட எனக்கு வந்த உண்மையான தகராறு புள்ளியில தான். கடல் நடுவுல அங்கங்க வெள்ளையா சின்னச் சின்னப் புள்ளி தெரியும். கப்பல், ட்ரோலர், எதுவா இருந்தாலும் தண்ணிக்கு மேல நிமுந்து நின்னா ரேடார் அலையத் திருப்பி அனுப்பும். அதையும் கடலோட சேர்த்து நீலம் பூசிறணும்ங்கிறது சட்டம், ஏன்னா அது நாளைக்கு அந்த எடத்துல இருக்காது. ராத்தா ஒவ்வொரு புள்ளிக்கும் பச்சை பூசி வச்சிருப்பாங்க. ஒண்ணு விடாம.

"ராத்தா, இது கப்பல். தர இல்ல."

"அதுல மனுசன் நிக்கிறானா இல்லையா?"

"நிப்பான்."

"காலுக்குக் கீழ என்னமோ ஈக்கிறதால தானே நிக்கிறான்? அப்ப அது தர."

"அது பலகை ராத்தா!"

"ஒன்ட காலுக்குக் கீழயும் பலகை தான் புள்ள. அதுக்குக் கீழ கராம்பு."

நான் ஒவ்வொண்ணா நீலத்துக்கு மாத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு நாள் படுத்துட்டேன். அந்த ரெண்டு நாள் படமும் நான் பார்க்காமலே போயிருச்சு. எந்த வரைபடத்துலயும் இல்லாத தீவெல்லாம் கண்டுபுடிச்சு இருக்கீங்கன்னு வெளிநாட்டுல இருந்து வந்துச்சு பாருங்க ஒரு கடுதாசி. சேர் மாடி ஏறி வந்தப்ப மொகம் கறுத்துப் போயிருந்துச்சு. இன்னொரு தரம் இப்படி நடந்தா நம்மகிட்ட குடுக்கிறதையே நிறுத்திருவாங்க, எல்லாருக்கும் வேல போயிரும்னாரு. ராத்தா எந்திரிச்சு நின்னாங்க.

"மத்த எல்லாம் நீங்க செல்ற மாதிரி செய்றன் சேர். புள்ளிய மட்டும் என்னால நீலம் பூச ஏலாது. கை வருதில்ல."

"அப்ப நான் உங்கள வச்சிக்க ஏலாது ராத்தா."

ராத்தா பேக்க எடுத்து தோள்ல போட்டாங்க. கெஞ்சல, அழல. அந்த வீட்டுக்கு அந்தச் சம்பளம் ஒண்ணு தான். அதவிட, காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் கடலப் பார்த்துக்கிட்டு இருக்க அவங்களுக்குன்னு இருந்த ஒரே ஜன்னல் அது. எனக்கு எங்க இருந்து தான் வந்துச்சோ அந்த வாய்.

"அவங்க படம் எல்லாம் என் கையால தான் சேர் போவும். புள்ளிய நான் பூசுறேன். ஒண்ணு தப்பினாலும் என்ன வெரட்டுங்க!"

சேர் என்னப் பார்த்தார், ராத்தாவப் பார்த்தார், எறங்கிப் போயிட்டார்.

அன்னைல இருந்து அது ஒரு வழக்கமா ஆயிருச்சு. ராத்தா படம் முழுக்க முடிச்சிட்டு, புள்ளிய மட்டும் பூசாம விட்டுட்டு, "புள்ள, வந்து ஒன்ட வேலையப் பாரு"ன்னு கூப்பிடுவாங்க. நான் போவேன். அவங்க கதிரைய ஜன்னல் பக்கம் திருப்பிக்குவாங்க. ஒதடு அசையும், துஆ கேட்டு வேண்டிக்குவாங்க. அந்தப் பக்கம் கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் பஸ் புகையுமா டவுன் கெடக்கும். நான் புள்ளி புள்ளியா நீலம் பூசுவேன். சொன்ன சொல்லுக்காகப் பூசினாலும் எனக்கும் கை கூசும். அந்த நாள் வரைக்கும் அது வெறும் புள்ளியா இருந்துச்சு, அதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணுலயும் சீகிரியா ஹோட்டல் சட்டையோட ஒரு பையன் நின்னு பார்க்கிற மாதிரியே இருந்துச்சு. முடிச்சதும் "சரி ராத்தா"ம்பேன். கதிரைய திருப்பிக்குவாங்க.

அந்த ஆபீஸ் இப்ப இல்ல. மெஷின் பழகிருச்சாம், எங்க சோலி முடிஞ்சிருச்சு. மாடியில இப்ப கராம்பு மூட்ட கெடக்கு. ராத்தா வீட்டக் குடுத்துட்டு சொந்தக்காரங்க பக்கம் போயிட்டாங்க. தம்பியப் பத்தி ஏதாவது தெரிய வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்ல. கேக்காததுக்குக் காரணம் இருக்கு.

ஆபீஸ் இருந்தப்ப ஒரு காத்துக் காலம். படத்துல கடல் பூரா வெளுத்துப் போயி, கரை எங்க இருக்குன்னே தேட வேண்டி இருக்கும். ஒரு நாள் ராத்தா லீவு, பல்லேபொலையில மெளகு பறிக்கிறாங்க. அன்னைக்கு நிலூகாவோட போன்ல ஒரு ரிங் அடிச்சு வெட்டுப்பட்டுச்சு. என்னமோ ஒரு வெளிநாட்டு நம்பர். அந்தப் பொடியன் தானோன்னு இவ ஆசையில திருப்பி எடுத்தா, போன்ல போட்ட ரீலோட் காசு மொத்தமும் போயிருச்சு. ஏமாத்துக்காரங்க மெஷின் வச்சு கண்டபடிக்கு ரிங் அடிச்சு வெட்டுவாங்க, திருப்பி எடுக்காதீங்கன்னு சேர் எங்க எல்லாருக்கும் சொன்னார். அடுத்த நாள் காலையில பஸ்ல வரும்போது எனக்கும் வந்துச்சு. நிலூகாவுக்கு வந்த அதே மாதிரி நம்பர், ஆரம்பம் அப்படியே. நான் எடுக்கல.

அன்னைக்குப் பகலுக்கு முன்னாடி, ராத்தாவோட மேசையில இருந்த போன் ஒரு தரம் அடிச்சு நின்னுச்சு.

ராத்தா போனக் கையில எடுத்தாங்க. கண்ணாடியப் போட்டாங்க. எங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஒருத்தியும் மவுஸ அசைக்கல.

"நம்மட நாட்டு நம்பரில்ல"ன்னாங்க. குரல் வேற யாருடையதோ மாதிரி இருந்துச்சு. "ஒருக்கா தான் அடிச்சிது. நீங்களும் கேட்டீங்க தானே?"

"திருப்பி எடுத்துறாதீங்க ராத்தா"ன்னு நான் பதறிட்டேன்.

"நான் என்னத்துக்கு எடுக்க? ரிங் கட் எண்டா எடுக்கிறதில்லையே."

அப்ப தான் என் மொகத்தப் பார்த்தாங்க. என் மொகத்துல என்ன இருந்துச்சோ. எந்திரிச்சு, பலகைத் தர கிறீச்சுன்னு சத்தம் போட, மெதுவா நடந்து வந்து, போன என் மேசையில வச்சாங்க.

"நீ தானே செக்கர். சந்தேகம் வந்தா ஒன்னக் கேக்கச் செல்லி சுவத்துல ஒட்டி ஈக்கி. இவ்வளவு காலமும் நான் கேக்கல்ல. இப்ப கேக்கிறன். நல்லாப் பார்த்துச் செல்லு புள்ள. தரையா, கடலா?"

பார்த்தேன். அதே ஆரம்பம். என் போன் மவுஸுக்குப் பக்கத்துல கெடந்துச்சு, அத மெதுவாக் கவுத்து வச்சேன். காத்தடிச்சா கடலும் பதில் சொல்லும்னு சேர் சொன்னது காதுல ஓடுது. அதச் சொல்றதுக்குத் தான் எனக்குச் சம்பளம். சேர் வேற அப்ப பார்த்து தேத்தண்ணிக் கோப்பையோட படியேறி வந்து வாசல்ல நிக்கிறார். நிலூகா நெகத்தக் கடிச்சுக்கிட்டு என்னையே பார்க்கிறா. ராத்தா என் மேசை விளிம்ப ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு இருந்தாங்க. மெளகு பறிச்ச கறை இன்னும் வெரல்ல இருந்துச்சு.

"தர, ராத்தா"ன்னேன்.

"கொட தமய் ராத்தா"ன்னா நிலூகா, பின்னால இருந்து. தர தான்னு அவ பாஷையில.

ராத்தா சேரத் திரும்பிப் பார்த்தாங்க. சேர், "செக்கர் சொன்னா சரி தானே"ன்னுட்டு கோப்பைய ஊத ஆரம்பிச்சிட்டார். இன்னைக்கு அந்த எடத்துல என்ன நிறுத்திக் கேட்டாலும் நான் அதையே தான் சொல்லுவேன்.

"அல்ஹம்துலில்லாஹ்"ன்னாங்க ராத்தா. அழல. போன முந்தானையில தொடச்சு பேக்குக்குள்ள வச்சாங்க. போய் ஒக்காந்து வேலையத் தொடங்கிட்டாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு நான் எட்டிப் பார்த்தேன். அவங்க படத்துல, வெளுத்துப் போன கடல் நடுவுல, ஒரு புள்ளி. கூப்பிடுவாங்கன்னு நான் கதிரையப் பின்னால தள்ளி வச்சிக்கிட்டு காத்திருந்தேன். கூப்பிடல. ஜன்னல் பக்கம் திரும்பல. "இது கப்பல் தானே"ன்னு அவங்களுக்கே சொல்லிக்கிட்டு, நீலத்த எடுத்து, அவங்க கையாலயே அதப் பூசினாங்க. ஓடிப்போய் அந்தக் கையப் புடிச்சிரலாமான்னு இருந்துச்சு. புடிக்கல. அடுத்த புள்ளியையும் அவங்களே பூசினாங்க.

பின்னேரம் பஸ் ஸ்டாண்டுல ரிங் கட்னு ஒரு சொல்லு வரல. பல்லேபொல பஸ்ஸுக்கு எங்களுக்கு முன்னாடியே ஓடிப் போயி ஏறிட்டாங்க. ஜன்னல்ல இருந்து கைய மட்டும் காட்டினாங்க.

எல்கடுவயில எறங்கும்போது மூடுபனி எறங்கியிருந்துச்சு. லயம் எது, தேயிலை எதுன்னு தெரியல. பஸ் ஹோல்ட்ல நின்னு போன எடுத்து, சொல்லாமலே ராத்தாவுக்கு ரிங் குடுத்தேன். ஒரு தரம் அடிச்சுச்சு. நான் வெட்டுறதுக்குள்ள ராத்தா எடுத்துட்டாங்க. இத்தனை காலத்துல ஒரு நாளும் எடுத்ததில்ல.

"சேர்ந்துட்டியா புள்ள?"

"சேர்ந்துட்டேன் ராத்தா."

தட்டுல கரண்டி படுற சத்தம் கேட்டுச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

"அவனும் சேர்ந்துட்டான்"னாங்க.

"ஆமா ராத்தா"ன்னேன். "சேர்ந்துட்டான்."